எதிர்க்கட்சி மாணவி

"பிதாவும் குமாரனும் ஒரே தன்மைன்னு வேதத்துல எங்க சார் எழுதியிருக்கு?" என்று கேட்டாள் அவள்.

சாய்ந்திருந்த பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கயும் இல்ல."

"அப்புறம் நாலாம் நூற்றாண்டுல திருச்சபை ஆயர்கள் கூடி எப்படி விசுவாச அறிக்கையில சேர்த்தாங்க? முன்னோர் சொல்லாததைச் சேர்த்தா அது புதுச் சரக்குதானே?"

"அம்மா தாயே, வார்த்தைதான் புதுசு, விசுவாசம் பழசு! பழைய வார்த்தைகளையெல்லாம் அன்னைக்கு அவங்களை எதிர்த்தவனும்தான் வாய் கூசாம சொன்னான். சொல்லிட்டு, குமாரன் படைக்கப்பட்டவர்னு அர்த்தம் பண்ணினான். பழசைக் காப்பாத்தத்தான் புது வார்த்தை தேவைப்பட்டுச்சு."

"இப்படியே போனா, நாளைக்கு யார் வேணும்னாலும் புதுசா ஒண்ணைக் கொண்டுவந்து, இது பழசுதான்னு சாதிக்கலாமே?"

"அப்படிப் போடுங்க!" தொடையைத் தட்டிச் சிரித்தார் அவர். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

மணி அடித்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கும் வருவீங்கல்ல?" அவர் குரல் இறங்கியிருந்தது. "தப்பாவே பேசுங்க, பரவாயில்ல. எனக்குப் பேச ஆளே கிடையாது. என் பொண்டாட்டி இதுக்கெல்லாம் ஒருநாளும் காது கொடுத்ததில்ல. உங்க வகுப்பை வாசலோட விட்டுட்டு வாங்கன்னுடுவா."

"வர்றேன் சார்."

மறதி நோயாளிகள் இல்லத்தின் நடைவழியில் நர்ஸ் அவளை நிறுத்தினாள். "இன்னைக்காவது உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க யாருன்னு சொன்னீங்களாம்மா?"

"சொன்னா முகத்தைத் திருப்பிக்கிறார். எதிர்த்து வாதாடினாத்தான் பேசுறார்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா இன்னைக்கு என்னைப் பத்திப் பேசினார்."