குடிபாலா ரோட்டுக் கிணறு

“தள்ளினது நான்தான்,” என்றார் கங்கையா.

மாமர நிழலில் முப்பது பேர் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் மோர் டம்ளரோடு முனிரத்தினம் இருந்தார்.

“குடிபாலா தாண்டி, வேலூர் ரோட்ல ஒரு மைல்கல். பக்கத்துலயே சுவர் இல்லாத கெணறு. ஆந்திரா எல்லைச் சண்டை நடந்த வருஷம் அது. பொழுது சாயற நேரத்துல ஒருத்தன் குந்திக்கினு, கல்லுல இருந்த தமிழ் எழுத்து மேல தார் பூசிக்கினு இருந்தான். பின்னாலருந்து வந்து ஒரே தள்ளு.”

முனிரத்தினம் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். ரோடு சரி, கல் சரி, தார் சரி. ஆனால் தள்ளியது இந்தக் கங்கையா இல்லை. முனிரத்தினம்தான்.

மிரட்டத்தான் தள்ளினார். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும் எடுத்த ஓட்டம், பிச்சாட்டூரில் மாமனார் வீட்டு வாசலில் வந்துதான் நின்றது. விழுந்தவன் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. செத்துத்தான் போயிருப்பான், போய் விசாரித்தால், உனக்கெப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பார்களே.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. இந்த ஊர் அந்தப் பக்கம், அந்த ஊர் இந்தப் பக்கம் என்று எல்லையும் பிரித்து முடித்தாயிற்று. தன் மேல் உள்ள ஆசையில்தான் புருஷன் தன் ஊரோடு வந்துவிட்டான் என்று சுந்தரி இன்றைக்கும் பெருமையடித்துக் கொள்கிறாள்.

இந்த மூன்று நாள் முகாமுக்கு இழுத்து வந்ததும் அவள்தான். நாராயணவனத்து மலையடிவாரத்தில், காலையில் மரம் செடி பற்றிப் பேச்சு, அப்புறம் கதை, சாயங்காலம் மௌனம். தூக்கம் வராமல் புரள்கிற மனுஷனுக்கு மனசு தெளியட்டுமே என்று நினைத்தாள். பஸ் நடுவழியில் படுத்துக் கொண்டதில் முதல் நாள் போய்விட்டது. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

“உள்ள கழுத்தளவு தண்ணி, பொந்துல புறா. அண்ணாந்து பார்த்தா தட்டு அகலத்துக்கு வானம்,” என்று கங்கையா சொல்லிக் கொண்டே போனார். “அவன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஊரு கைவிட்டுப் போயிடுமோன்னு பயம். ஓடிட்டேன். அன்னிலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்ல. அந்தே, அவ்வளவுதான்.”

கிணற்றுக்குள் என்ன இருந்தது என்று முனிரத்தினத்துக்குத் தெரியாது. அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பயமும் தூக்கம் கெட்டதும் அவர் நெஞ்சுக்குள் மட்டும் இருந்தவை. இவனுக்கு எப்படித் தெரிந்தது?

போலீஸ்தான் இவனை அனுப்பியிருக்கிறது என்று நினைத்தார். ஒருத்தன் கொலையை ஒப்புக் கொள்கிறான், முன்வரிசையில் ஒரு அம்மாள் நிம்மதியாக வேர்க்கடலை உரிக்கிறாள். எல்லோரும் சேர்ந்து வலை விரித்திருக்கிறார்கள், எலி தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

“எழுந்திரு. பன்னண்டு மணி பஸ்ஸுக்குப் போயிடலாம்,” என்றார் சுந்தரியின் காதில்.

“இன்னாயா நீ? இன்னும் சோறு கூட துன்னல. உக்காரு.”

கதை சொல்லி முடித்தவர், அடுத்து சொல்ல வேண்டியவர் கையில் வேப்பங்கொத்தைக் கொடுக்க வேண்டும். கங்கையா எழுந்தார். இடது காலை இழுத்து இழுத்து, முன்வரிசையைத் தாண்டி, நடுவரிசையைத் தாண்டி, நேராக முனிரத்தினத்திடம் வந்தார்.

“நீங்க சொல்லுங்கண்ணா,” என்று கொத்தை நீட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

முனிரத்தினத்துக்குக் கையில் விலங்கு மாட்டினது போல இருந்தது. “எனக்குக் கதையெல்லாம் வராது,” என்றார்.

முகாமை நடத்துகிற தோதாத்ரி, திருப்பதியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். “நேத்து இவர் வரலை, அதான் முழிக்கிறார்,” என்று சிரித்தார். “இங்கே விதி ஒண்ணே ஒண்ணுதான். உங்க வாழ்க்கையில நடந்ததைச் சொல்லணும். ஆனா உங்க வாயால இல்லை, எதிராளியா மாறி அவன் வாயால சொல்லணும். அடிபட்டவன் அடிச்சவனாப் பேசணும், அடிச்சவன் அடிபட்டவனாப் பேசணும். இப்போ கங்கையா சொன்னாரே, அந்த மாதிரி.”

முனிரத்தினம் மெல்லத் திரும்பிக் கங்கையாவின் இடது காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. ஏழு வருஷமாகச் செத்துக் கிடந்த மனுஷன், வேர்வை வாடையோடு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து துண்டால் விசிறிக் கொண்டிருந்தான்.

சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. வாய்க்கால் சண்டை, வரப்புச் சண்டை என்று எதையாவது சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் கங்கையா என்ன செய்வாரோ, சுந்தரி இனி முகத்தில் முழிப்பாளோ.

“சொல்லுய்யா, எல்லாரும் பார்க்கறாங்க,” என்று அவள் முழங்கையால் இடித்தாள்.

முனிரத்தினம் வேப்பங்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டார். பக்கத்தில் இருந்த கங்கையாவைப் பார்த்துச் சொன்னார்.

“கெணத்துல விழுந்தது நான்தான்.”