காபித்தூள்

பட்டினப்பாக்கத்து முகாமில், காயத்தில் காபித்தூள் அப்பாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வந்த பயிற்சி மருத்துவர் சோஃபியா, மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவில், டில்லிபாபுவின் பிளந்த தோளிலிருந்து அதையே கழுவிக்கொண்டிருக்கிறாள். மரப்பு ஊசி வேலை செய்யும்வரை காத்திருக்க ரத்தம் விடவில்லை. கறுப்பும் சிவப்புமாய்த் தரையில் வழிவதில் அவள் செருப்பு வழுக்குகிறது. அவன் அலறி உதைக்க, இரும்புக் கட்டில் சுவரில் மோதுகிறது. "கூட வந்தவரு, அமுக்கிப் புடிங்க!" அண்ணன் புகழேந்தி பாய்ந்து தம்பியின் மார்மேல் கவிழ்கிறான். "காபித்தூள யார் வெச்சது?" "ரத்தம் நிக்கட்டும்னு நான்தாம்மா வெச்சேன்." "வெட்டினது?" அவன் பிடி தளரவில்லை. "அதுவும் நான்தாம்மா. சீக்கிரம் தையிம்மா, துடிச்சிக்கினு கீறான்." டில்லிபாபு அண்ணனின் தோளைக் கவ்விக் கடிக்கிறான். பல் இறங்குகிறது, சட்டையில் ரத்தம் ஊறுகிறது. புகழேந்தி விலகவில்லை. இன்னும் வாகாகத் தோளைக் கொடுக்கிறான்.