ஒன்பது வாட்

“சார், இது லேப்டாப்பா, எருமை மாடா? தட்டினாத்தான் நகருது!”

எதிர் மேசைப் பெண் கேட்டதும் பரிசோதனை அறையே சிரித்தது. வாட் வாத்தியாரும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து வந்தார். அடுத்த வருடம் சந்தைக்கு வரும் லேப்டாப் பிராசசர் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கலாம் என்று வரம்பு கட்டுவது அவர் வேலை. பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. “பாதி மின்சாரம், முக்காலுக்கு மேல வேலை. வித்தியாசம் ஒருத்தருக்கும் தெரியாது” என்று நாளைக்கு நாலு தடவையாவது சொல்லுவார்.

புதிய பிராசசரோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய லேப்டாப் தேவைப்பட்டது. வீட்டுப் பரணில் நாலு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் லேப்டாப்பைக் காலையில்தான் தூசி தட்டி எடுத்து வந்திருந்தார்.

“பத்து நிமிஷ வேலைக்கு நாப்பது நிமிஷம் எடுக்குது, சார்.”

“பழசும்மா. வயசாயிடுச்சு.”

“வயசெல்லாம் ஒண்ணுமில்ல. நாப்பத்தஞ்சு வாட்ல ஓட வேண்டியதை யாரோ ஒன்பதுல கட்டிப் போட்டிருக்காங்க. நம்ம ஆபீஸ் புரோகிராம்தான் உள்ள இருக்கு. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கழுத்தைப் பிடிக்குது. எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ!”

புண்ணியவான் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி அந்த எண்ணைப் பார்த்தார்.

நாலு வருடத்துக்கு முன், குழந்தை பிறந்த மாதம் அது. ஒற்றை அறை வீடு. மனைவி ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு வீட்டிலிருந்தே படம் செய்துகொண்டிருந்தாள். லேப்டாப் சூடானால் உள்ளே இருக்கும் விசிறி கத்தும். குழந்தை வீறிட்டு எழும். லீவில் இருந்த இவருக்கும் மதியத் தூக்கம் கெட்டது. ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆபீஸ் புரோகிராமைப் போட்டு லேப்டாப்பின் வாட் வரம்பைக் குறைத்து வைத்தார். திங்கட்கிழமை பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனவர் அதைச் சுத்தமாக மறந்தே போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அவள் வேலை தாமதம். அதே மாதிரி லேப்டாப் வைத்திருந்த, அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர் நேரத்துக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம், உங்களுக்கு வேகம் போதவில்லை என்று ஸ்டுடியோவில் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இவர் சொன்ன ஆறுதல் இதுதான்: “எல்லாருக்கும் எல்லா வேகமும் வராதும்மா.”

அந்த வாக்கியம் இப்போது அவருக்கே திரும்பக் கேட்டது.

அதே ஸ்டுடியோவில் இன்று அவளை மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய படம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் இவர் கேட்டபோது, “பாப்பாவை ஸ்கூல்ல இருந்து யாருங்க கூட்டிட்டு வர்றது?” என்று இழுத்தாள். வேகம் வராது என்ற பயத்துக்கு அது ஒரு சாக்கு என்று எண்ணிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்.

பயத்தை விதைத்தவனே தான்தானே!

அரை நாள் லீவு சொல்லிவிட்டு விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினார். மனைவி குழந்தையின் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள். ஸ்கூலிலிருந்து வந்த குழந்தை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது.

“ஸ்டுடியோவுக்கு என்ன பதில் சொன்ன?”

“முடியாதுன்னு அப்பவே சொல்லிட்டேன். வேற ஆள் போட்டுட்டாங்களாம். ஏங்க, மூச்சு இப்படி வாங்குது?”

வாத்தியார் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னை மன்னிச்சிரு. உன் கையில ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு உன் வேலை போனதுக்குக் காரணம் நான்தான்.”

அவள் பென்சில் சீவுவதை நிறுத்தவில்லை. இவர் ஒன்று விடாமல் சொன்னார். விசிறிச் சத்தம், மதியத் தூக்கம், மறந்துபோன திங்கட்கிழமை, எல்லாவற்றையும் கொட்டினார்.

“பதினஞ்சு வாட்ல வைக்கிறதாத்தான் நினைச்சேன். அதுல வேலை கொஞ்சம்தான் தாமதமாகும், சமாளிச்சிருப்ப. தூக்கக் கலக்கத்துல ஒன்பதுல வச்சுத் தொலைச்சிருக்கேன். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்றவன், சொந்த வீட்டுல கோட்டை விட்டுட்டேன். வேகம் வராதுன்னு வேற உன்னைச் சொன்னேனே, பாவி!”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. அவள் திட்டுவாள், அழுவாள், இனிமேல் முகத்தில் விழிக்காதே என்பாள் என்று காத்திருந்தார். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார்.

அவள் பென்சில் சீவலை ஊதிவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க தப்பா வைக்கலீங்க. பதினஞ்சுலதான் வச்சிருந்தீங்க. மறுநாளே ஆன் பண்ணினப்போ உங்க ஆபீஸ் புரோகிராம்ல பார்த்துட்டேன்.”

“அப்போ ஒன்பது?”

“பதினஞ்சுலயும் விசிறி கத்துச்சு, பாப்பா எழுந்துட்டா. கொஞ்ச நேரம் தூக்கி வச்சுக்கச் சொல்லலாம்னு உங்களைப் பார்த்தேன். நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க. நான்தான் ஒன்பதுக்குக் குறைச்சேன். வித்தியாசம் உங்களுக்காவது தெரியுதான்னு மூணு மாசம் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”