ஜன்னலோரக் கட்டில்

சிதம்பரத்தில் மனநல மருத்துவம் படிக்கும் தமிழ்ச்செல்வியின் ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் பணம் தர முன்வந்த நண்பர்கள் இருவரும் கலியமூர்த்தியின் செம்மண்டலம் வீட்டில் காத்திருந்தார்கள். பேராசிரியர்தான் அவளை அனுப்பியிருந்தார்.

"பேஷண்டுங்க ஏன் பாதியிலேயே மாத்திரையை நிறுத்திடறாங்கன்னு பார்க்கப் போறேன் சார். முதல்ல வீட்டு ஆளுங்களை விசாரிக்கணும்" என்றாள்.

ரஃபியுதீன் தலையாட்டிவிட்டு நண்பர் பக்கம் திரும்பினார். "சிதம்பரம்னாலே ஜன்னலோரக் கட்டிலுக்கு நீ போட்ட சண்டைதான் ஞாபகம் வருது மச்சான்."

"என் பங்கு உப்புமாவையும் சேர்த்துத் தின்னவன்தானே நீ? நோம்புக்கு உன்னை எழுப்பிவிட்டது யாரு?" என்றார் கலியமூர்த்தி.

"அப்படி ஒரு சிநேகம் அப்புறம் எங்கயும் அமையலடா."

ஹாஸ்டல் கதை என்று தமிழ்ச்செல்வி ரசித்துக் கேட்டாள். "ரெண்டு பேரும் டாக்டருக்கு ஒரே செட்ல படிச்சீங்களா சார்?"

அதற்குள் கலியமூர்த்தியின் மனைவி பவானி பிரஷர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். கலியமூர்த்தி மாத்திரையை விழுங்கினார். விழுங்கிய கையோடு வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். பவானி அதைக் கவனிக்கக்கூட இல்லை, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தமிழ்ச்செல்வி தினமும் வார்டில் பார்ப்பதுதான் அது. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கவில்லை என்று நோயாளிகள் சிஸ்டருக்குக் காட்டுவது.

"முப்பது வருஷமாச்சு, இது மட்டும் போகலம்மா" என்று சிரித்தார் கலியமூர்த்தி. "மச்சானுக்கும் இப்படித்தான்."

ரஃபியுதீன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வீட்டு ஆளுங்களை அப்புறம் விசாரிக்கலாம்மா. மாத்திரையை ஏன் துப்புனோம்னு முதல்ல எங்களைக் கேளு."