பட்டியலில் இல்லாத எண்

திங்கட்கிழமை காலை ஆர்ஹூஸ் நகர அலுவலகத்தில் மின்னஞ்சலைத் திறந்த இங்கர் திரையருகே குனிந்தாள். எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிந்தது. கண் போய்விட்டது என்றே முடிவுகட்டினாள்.

பக்கத்து மேசைத் தோழி போதில் என்பவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லடி. அப்டேட் வந்ததுல எல்லாருக்கும் எழுத்து சின்னதாயிருச்சு."

இங்கருக்குப் போன உயிர் வந்தது. எழுத்தளவுப் பட்டியலைத் திறந்தாள். பதினாறு போதவில்லை, அடுத்திருந்த பதினெட்டு கத்துவதுபோல் இருந்தது. முன்பெல்லாம் இதே அலுவலகத்தில் வேலை பார்த்த ப்ரேபென்தான் பட்டியலில் இல்லாத பதினேழைத் தட்டிப் போட்டுக் கொடுப்பார். அவரை ஏப்ரலில் அடக்கம் செய்தாகிவிட்டது. பதினாறிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் எழுத்து கச்சிதமாக இருந்தது. எழுத்தளவுக் கட்டத்தில் பதினேழு.

"நீயா மாத்தின?" என்று போதிலிடம் கேட்டாள்.

"நானே இப்பதான் கோட்டக் கழட்டுறேன்."

வெள்ளிதோறும் அலுவலகத்தில் முறைவைத்து ரொட்டி வாங்கி வருவார்கள். ப்ரேபென் கசகசா தூவியதை எடுத்து, எல்லார் விசைப்பலகையிலும் உதிர்த்துவிட்டுத் திட்டு வாங்குவார்.

அன்றோ செவ்வாய், ரொட்டி நாள் இல்லை. இங்கரின் விசைப்பலகையில் ஒன்று, ஏழு விசைகளுக்குப் பக்கத்தில் நாலைந்து கசகசா கிடந்தன.

துகள் விழுந்தால் எப்போதும் பலகையைக் கவிழ்த்துத் தட்டுகிற இங்கர், அன்று மெதுவாக, அவற்றின்மேல் விரல் படாமல் தட்டச்சு செய்தாள்.