பா ஹுவாவின் பல்

டீச்சரின் மேசைமேல் பல்லை வைத்துவிட்டு, பா ஹுவா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

இரண்டாம் வகுப்புச் சுவரில் காகிதத்தில் வெட்டிய பெரிய பல் ஒன்று தொங்குகிறது. பல் விழுந்த பிள்ளையின் பெயர் அதில் ஏறும், பக்கத்திலேயே ஒரு தங்க நட்சத்திரமும்.

எல்லார் பெயரும் ஏறிவிட்டது, அவள் பெயரைத் தவிர.

எப்படி ஏறும்? அகதி முகாமில் எழுதிக்கொடுத்த வயதுதான் எட்டு. அம்மா பெற்ற கணக்கில் பன்னிரண்டு. அவளுடைய பால் பற்களெல்லாம் முகாம் கூரைமேல் வீசப்பட்டு எத்தனையோ காலமாயிற்று.

அமெரிக்கா போய் அடியிலிருந்து படிக்கட்டும் என்று, அதிகாரி முன்னால் நான்கு வயதை அப்படியே விழுங்கியவர் அப்பா. குட்டு உடைந்தால் ஆறாம் வகுப்பில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அங்கே அவளால் பலகையில் ஒரு வரி படிக்க முடியாது.

இவ்வளவும் தெரிந்தும் அந்த நட்சத்திரத்தின் மேல் அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

முகாமிலிருந்தே கூட வந்த தூவா வேறு, தங்கள் மோங் மொழியில் தினமும் சீண்டுவான்: "உனக்குப் பேரன் பொறந்தப்புறம்தான் பல்லு விழும்டி, கெழவி!"

நேற்று சோறு இறங்காமல் அழுதாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் விழுந்த பல்லைத் தலையணைக்கடியில் வைத்தால் காலையில் காசு இருக்குமாம் என்றும் சொல்லி அழுதாள். அப்பா உம் கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

காலையில் தலையணைக்கடியில் பல்லே இருந்தது.

மிஸ் ஹால்வர்சன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. புகையிலைக் கறை வேறு.

"எங்க கண்ணு, வாயைத் திற பாப்போம்."

வேறு வழியில்லாமல் திறந்தாள். ஒரு சந்துகூட இல்லை.

தூவா முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என்ன சீண்டினாலும் அவனும் முகாம் பிள்ளைதானே, அவள் குட்டு உடைந்துவிடுமோ என்று அவனுக்கும் பயம்.

டீச்சரின் பார்வை வாசலுக்குப் போனது. மகளைக் கொண்டுவந்து விட்ட அப்பா, கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்தபடி இன்னும் அங்கேயே நின்றிருந்தார். ஆடுகிற கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லி அம்மா எவ்வளவு கெஞ்சியும், செத்த பிறகு முன்னோர் முன்னால் குறை உடம்போடு போய் நிற்கமாட்டேன் என்று வீம்பு பிடித்த மனிதர்.

ஆங்கிலம் தெரியாத குறைக்கு, டீச்சர் எது சொன்னாலும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

டீச்சர் ஒரு நட்சத்திரத்தைச் சுவரில் ஒட்டினார்.

இன்னொன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.