உபதேசியார் வைத்த பரீட்சை

கல்யாணத்தன்று விடியற்காலையில் உபதேசியார் வீட்டு அடுக்களையிலிருந்து புகை வந்தது. தெருவே மூக்கைச் சுளித்தது.

பின்னே? பூசை வைக்கிற சாமியார் முதல் நன்மை அப்பம் வாங்குகிற சிறுசுகள் வரை, நடுராத்திரிக்குமேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. கல்யாணப் பூசை முடிகிறவரை அடுப்பில் பூனை தூங்க வேண்டும். மணப்பெண் இன்பமேரி நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்க, பெற்றவள் ஜெபமலர் ஊதாங்குழலும் கையுமாக நிற்கிறாள்.

"ஏம்புள்ள, அதுக்குள்ள பசி தாங்கலையா உனக்கு?" என்றார் உபதேசியார் சூசைமாணிக்கம்.

"நீங்க புள்ளையக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போங்க. சாமியாரை நான் கூட்டிட்டு வாரேன்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

சேலத்திலிருந்து வரவேண்டிய சாமியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் விபூதிப் புதன். நாற்பது நாள் தவசு காலம் தொடங்கிவிட்டால் பாஸ்குத் திருநாள் முடியும்வரை கல்யாணப் பேச்சே கிடையாது. அதுவரை காத்திருக்க மாப்பிள்ளை வீட்டாருக்கு மனமில்லை.

எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான், முதல் நாள் சாயங்காலம் ராசிபுரம் பஸ்ஸிலிருந்து வெள்ளை அங்கியும் தாடியுமாக ஒரு புதுச் சாமியார் இறங்கினார். சேலத்து மேற்றிராணியார்தான் தன்னை அனுப்பியதாகச் சொன்னார்.

உபதேசியார் என்ன லேசுப்பட்டவரா? போலிச் சாமியார்கள் ஊர் ஊராகத் திரிவதாகப் போன மாதம்தான் பிரசங்கத்தில் எச்சரித்திருந்தார்கள். போலி ஒருவன் தாலியை மந்திரித்துக் கொடுத்தால் அது கல்யாணமே ஆகாது. பெண்ணின் கதி என்னாவது?

ஆகவே உட்காரவைத்துத் துளைத்து எடுத்துவிட்டார். பத்துக் கட்டளை, தேவதிரவிய அனுமானங்கள், லத்தீன் ஜெபங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. வந்தவருக்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கடைசியில், சந்தேகப்பட்டதற்காக உபதேசியாரே முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

கோயிலில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளையின் அப்பா ஆரோக்கியசாமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது ஜெபமலர் மட்டும்தான். நேரே போய் மகளின் கையைப் பிடித்தாள்.

"எந்திரி சாமி, ஊட்டுக்குப் போலாம். இன்னைக்குக் கல்யாணம் இல்லை."

கோயிலே இரைந்தது. பெண் கொடுக்க இஷ்டமில்லையா என்று ஆரோக்கியசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். இன்பமேரி அழுதே விட்டாள். வந்திருப்பவர் சாமியாரே இல்லை என்று ஜெபமலர் சொன்னதும் உபதேசியாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தான் வைத்த பரீட்சையையே இவள் குறை சொல்வதா?

"நானே குடைஞ்சு குடைஞ்சு கேட்டுப் பாத்துட்டேன். ஒரு எழுத்துப் பிசகலை. அப்படி நீ என்னத்தக் கேட்டுட்ட?"

"நான் ஒண்ணும் கேக்கலைங்க. சூடாக் காப்பி ஊத்திக் குடுத்தேன், குடிச்சுட்டாரு."